செவலைக் கன்றுக்கு இரண்டாம் பூச்சு

நான் செய்த நாயைப் பார்த்து முதலில் பயந்தவர் தபால்காரர். கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "நாயைக் கட்டுங்கம்மா, ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு" என்று கத்தினார். கையில் கூழ் ஒட்டியபடியே வெளியே வந்து, "கட்ட வேண்டாம், அது காகிதம்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் போய் நாயின் மண்டையில் விரலை மடக்கித் தட்டிக் காட்டினேன். டொக் டொக்கென்று சத்தம் வந்த பிறகுதான் உள்ளே காலை வைத்தார். வந்தவர் கையெழுத்து வாங்குவதை மறந்துவிட்டு நாயின் காதையே தடவிக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பிளாக் முழுக்கச் செய்தி போய்விட்டது.

அந்த நாயை நான் விற்பதற்காகச் செய்யவில்லை. ஆடுகளை விரட்டச் செய்தேன். நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் நான் போட்ட கத்தரியும் வெண்டையும்தான் அப்போது எங்கள் குழம்பு. பக்கத்துக் கிராமத்து ஆடுகளும் அதையே நம்பியிருந்தன. நாயை வைத்த முதல் இரண்டு நாள் ஒரு ஆடும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிடா வந்தது, நின்றது, மோந்து பார்த்தது. பிறகு நாயின் மேல் முதுகைச் சாய்த்து ஆனந்தமாகத் தேய்த்துவிட்டுப் போனது. ஆட்டிடம் தோற்ற நாய் மனிதர்களிடம் ஜெயித்தது. அந்த ஆடு எனக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டிருந்ததில் அது காதில் விழவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அந்த வருஷம் அவருக்கு இருமல் வந்து நிற்காமல் போனது. படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசம் என்றார்கள். ஒரு வருஷம் மருந்து, ஓய்வு, தினமும் பாலும் முட்டையும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்குக் குறையில்லை. பாலுக்கும் முட்டைக்கும் நான்தான் வழி பார்க்க வேண்டும். லீவெல்லாம் தீர்ந்து சம்பளம் பாதியாகிவிட்டது. அந்தப் பாதியிலும் நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய லோனுக்குப் பிடித்தம் போய்விடும். மாதம் பாதி தாண்டுவதற்குள் அரிசி டின்னுக்குள் படி போட்டால் தகரம் சத்தம் போடும்.

எனக்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான். பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி முறத்துக்கு மெழுகுவது. அது எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாப் பெண்களுக்கும் தெரியும், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தக் கூழை முறத்தில் மெழுகாமல் கம்பியில் அப்பினேன், அவ்வளவுதான். கம்பியை வளைத்துக் கொடுத்தது அவர். கட்டிலில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். நாய் உட்காரும்போது ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே தள்ளியிருக்கும், பூனை திரும்பிப் பார்க்கும்போது தோள் எலும்பு தனியாகத் தூக்கும் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். நான் பூசும் நேரத்தில் இருமலுக்கு நடுவே, "வயிறு பெருத்துப் போச்சு, சினை நாயா அது?" என்று கேலி செய்வார். நானும் பதில் கொடுப்பேன். அந்த வீட்டில் அந்த வருஷம் சிரிப்பு என்று இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

நாயைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டில் நாய் கேட்டார்கள். பிறகு கொலுவுக்கு மான், அணில், பசு என்று கேட்க ஆரம்பித்தார்கள். டவுன்ஷிப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்ததால் கொலுவில் போட்டி அதிகம். படிக்கு முன்னால் மணலைக் கொட்டி, பூங்கா வைத்து, மிருகக்காட்சி சாலை வைப்பார்கள். பண்ருட்டிக் களிமண் பொம்மை எல்லார் வீட்டிலும் இருக்கும். உரித்த தோல் மாதிரி முடி முடியாகத் தெரியும் மான் என்னிடம்தான் இருந்தது. சணல் நாரைச் சீவிப் பசையில் தோய்த்து ஒவ்வொன்றாக ஒட்டுவேன். கண்ணை மட்டும் என் வீட்டில் வைத்து வரைய விடமாட்டார்கள். சாமி பொம்மைக்குக் கண் திறப்பதுபோல மானுக்கும் நாய்க்கும் நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்க்க வைத்து, தங்கள் வீட்டில் வந்துதான் வரைய வேண்டும் என்பார்கள். வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து ஒரு நாய்க்குக் கண் திறந்த பெண் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மரியாதை அதோடு சரி. ஒரு வீட்டில் மானை வாங்கியவர்கள் அதை இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வைத்திருந்ததை நானே பார்த்தேன். நோயாளி வீட்டுப் பொருளாம், காய்ந்தால் கிருமி செத்துவிடுமாம். "பிள்ளை இல்லாத குறைக்குப் பொம்மை வளர்க்கிறாள்" என்று இன்னொரு வீட்டில் சொன்னதும் காதுக்கு வந்தது. ஆனாலும் அடுத்த வாரம் அதே வீட்டுக்கு ஒயர் கூடையில் அணிலை எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் ஒரு பேச்சு கிளம்பினால் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் அவருடைய முட்டை நின்றுவிடும். அந்தப் பயம் என்னோடு எழுந்து என்னோடு படுத்தது.

பால்காரம்மா இதற்குள்ளே எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். கம்மாபுரம் போகும் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வருவாள். என் வயதுதான் இருக்கும். நிலம் மைன்ஸுக்குப் போய்விட்டது, புருஷன் கான்ட்ராக்ட் வேலையில் மண் அள்ளினான். அவளிடம் இரண்டு மாடு. செவலை மாடுதான் நன்றாகக் கறக்கும். கருப்பு மாடு பேருக்குக் கறக்கும், அது அவள் வீட்டுக்கே காணாது. செவலையை வீட்டு வாசலில் நிறுத்தி, கன்றை ஊட்டவிட்டு, நம் கண் முன்னால் கறந்து கொடுத்தால்தான் டவுன்ஷிப்பில் பால் விற்கும். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆடி மாதம் ஒருநாள் அவள் மாடு இல்லாமல் வந்தாள். என் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கன்று இறங்கிவிட்டதாம், இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், உடம்புகூடக் கிடைக்கவில்லையாம்.

"தோலு கெடச்சிருந்தாலும் வக்கலு அடச்சி நிறுத்தி இருப்பேங்க. இப்ப இன்னா பண்றது? கன்னு இல்லாம அது மடிய எறக்க மாட்டேங்குது. கிட்ட போனா ஒதைக்குது. ரெண்டு நாளா கத்திகினே கெடக்குது."

கன்று செத்தால் தோலை உரித்து வைக்கோல் அடைத்து, தோளில் சுமந்துகொண்டு வந்து மாட்டின் முன் நிறுத்திக் கறப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வீட்டு நாயைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு கன்னு செஞ்சி குடுங்கம்மா. காசு இல்ல. ஐயா டூட்டிக்குப் போற வரைக்கும் தெனம் அரைப்படி பாலு ஊத்தறேன்."

எனக்கு அப்போது யாராவது தங்கத்தைக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. உள்ளே கட்டிலில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் இதுவரை செய்தவற்றில் அந்தக் கன்றுக்குத்தான் அதிகம் உழைத்தேன். நெற்றியில் வெள்ளைச் சுழி, இடது காதில் ஒரு கிழிசல், முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை என்று அவள் அங்கம் அங்கமாகச் சொன்னாள். கண்ணுக்குக் கோலிக்குண்டைப் பதித்து, மேலே கருப்பு வைத்து, இமைக்கு நார் ஒட்டினேன். கண் திறக்க நல்ல நாள் கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள்.

"கண்ணு எதுக்குங்க? மாடு கண்ணயா பாக்கப் போவுது? மோந்து பாக்கும், நக்கிப் பாக்கும். அம்மாந்தான்."

நக்கிப் பார்க்கும் என்று அவள் சொன்னதுதான் எனக்குப் புது யோசனையைக் கொடுத்தது. நான் வழக்கமாகப் போடும் தூள் சாயம் ஈர நாக்குப் பட்டால் வழிந்துவிடும். பிறகு கூழ் ஊறி இரண்டு நாளில் கன்று கஞ்சியாகிவிடும். தண்ணீருக்கு அசையாத பூச்சு வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் ஒரு சிவப்பு அடிப்பார்களே, அதில் மிச்சம் கால் டின் அவர் வீட்டில் கிடந்தது. கேட்டேன், கொடுத்தார். அந்தச் சிவப்பில் அடுப்புக்கரியைப் பொடி செய்து கலந்தால் அசல் செவலை வந்தது. மாட்டின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. மழையில் நிற்கும் இரும்புக்கே தாங்குகிறது, மாட்டு நாக்குக்குத் தாங்காதா என்று என் கணவரிடம் பெருமையடித்தேன். நான்கு நாள் நிழலில் காயவைத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் வாசலில் மாட்டின் முன் கன்றை நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. மாடு கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு முகம் செத்துவிட்டது. பால்காரம்மா அசரவில்லை. இடுப்பில் செருகியிருந்த கயிற்றை எடுத்தாள். செத்துப்போன கன்றின் கழுத்துக் கயிறு. அதைப் பொம்மையின் கழுத்தில் கட்டினாள். தவிட்டில் உப்பைப் போட்டுப் பிசைந்து அதன் முதுகிலும் நெற்றியிலும் தேய்த்தாள். மாடு மறுபடி மோந்தது. கயிற்றை முதலில் நக்கியது, பிறகு கழுத்து, பிறகு நெற்றிச் சுழி. நக்க நக்க அதன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. பால்காரம்மா உட்கார்ந்து மடியில் கை வைத்தாள். செம்பில் சர்சர்ரென்று பால் விழுந்தது.

தெருவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாட்டுக்குக்கூடப் பொய்ப் பிள்ளை ஒன்று போதுமாக இருக்கிறதே என்று ஒரு பக்கம் வலித்தது. அவரிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அரைப்படி பால் தவறாமல் வந்தது. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. மாட்டையே ஏமாற்றிய கைகாரி என்று பேர் பரவி, கொலுவுக்குப் பத்து வீட்டுக்கு மேல் சொல்லி வைத்து முன்பணமும் கொடுத்தார்கள். பால்காரம்மா இரவில்கூடக் கன்றை மாட்டின் பக்கத்திலேயே நிறுத்தினாள். எடுத்தால் கத்துகிறதாம்.

ஆவணி பாதியில் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் பூச்சு முழுக்கப் போய் வெள்ளைக் கூழ் தெரிந்தது.

"நக்கி நக்கியே தீத்துடுச்சிங்க. தவுடு தடவாமயே நக்குது. அம்மாம் ஆச."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டின்னில் மிச்சம் இருந்ததைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, இந்தத் தடவை கெட்டியாக இரண்டாம் பூச்சு போட்டேன். காய நான்கு நாள் வேண்டும் என்றேன். "நாலு நாளா? ஒரு நாளு கன்னு இல்லன்னாவே கறக்க வுடாதுங்க" என்றாள். எனக்கும் அவருடைய பால்தான் ஞாபகம். மறுநாள் சாயங்காலமே கொடுத்துவிட்டேன். விரல் வைத்தால் ஒட்டியது. இரண்டு நாளில் காற்றிலேயே காய்ந்துவிடும் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் இருக்கும். கொலுவுக்கு ஒரு பசு கேட்டிருந்தார்கள். செவலை நிறம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தச் சிவப்புப் பெயிண்ட் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். பெயிண்ட் அடிப்பவர் வேலைக்குப் போய்விட்டார். அவர் மனைவி இருந்தாள்.

"வாங்கித் தரச் சொல்றேன். ஆனா கைய நல்லா தேச்சிக் கழுவிட்டு சாப்புடுங்க. ஈயம் கலந்ததாம். எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு, ஒதட்டுல பட்டா இனிக்குமாம், வயித்துல போனா வெஷமாம்."

நான் வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். இனிக்குமாம். தவிடு தடவாமலே நக்குகிறது, அவ்வளவு ஆசை.

உடனே கிளம்பியிருக்கலாம். நடந்தாலே முக்கால் மணி நேரம்தான். நான் கிளம்பவில்லை. மாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெரிய உடம்பு, தாங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளாக மாடு வாசலுக்கு வராமல் அவள் மட்டும் தூக்கில் பால் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனது அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் அவளாக வருவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். அன்றைக்கும் தூக்குதான், மாடு இல்லை.

"மூணு நாளா சரியில்லங்க. ஒண்ணும் துண்ணல. பல்லக் கடிக்குது. கண்ணு தெரியாத மாரி செவுத்துல தலய முட்டிகினு நிக்குது. எவளோ கண்ணு வச்சிட்டா போலருக்கு."

என் வாயில் வார்த்தை வந்து நின்றது. கன்றை எடுத்து அப்பால் போடு. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. மாட்டைக் கொன்ற பொம்மை என்று நாளைக்கு டவுன்ஷிப் முழுக்கப் பேசுவார்கள். பத்து வீட்டுக்காரர்களும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அது அரிசியாகவும் முட்டையாகவும் எப்போதோ போய்விட்டது.

"மாட்டு டாக்டர்கிட்டக் காட்டும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் பாலை ஊற்றிவிட்டு, தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போனாள். நான் அந்தப் பாலைப் பார்த்தேன். விஷம் தின்ற மாட்டின் பால். அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் வாழை மரத்தடியில் ஊற்றினேன். அவரிடம் பால் திரிந்துவிட்டது என்று சொல்லி வெறும் கஞ்சி கொடுத்தேன். தெரிந்த விஷயத்தை வைத்து என் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள், நான் கழுவிக் கவிழ்த்திருந்த தூக்கை எடுக்கக் கொல்லைப் பக்கமாக வந்தாள். டாக்டர் வரப்போவதாகச் சொன்னாள், நிற்காமல் போய்விட்டாள். அன்று மத்தியானம் மாடு செத்துப்போனது. செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து சொன்னாள்.

அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமினார். இருமி முடித்துவிட்டு, "போய்ச் சொல்லிரு" என்றார்.

"சொன்னா? மாட்டுக்கு மாடு வாங்கித் தர முடியுமா நம்மளால?"

"முடியாது. சொல்லவாச்சும் செய்யணும்ல."

"உங்களுக்கென்ன, கட்டில்ல உக்காந்துக்கிட்டு நியாயம் பேசுறீங்க. வாசல் வாசலா ஏறி இறங்குறது நான்." இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குக் கம்பி வளைத்துக் கொடுத்தார், ஆனால் கேலி செய்யவில்லை.

பால் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் வந்தாள், தூக்கில் அரைப்படி பாலோடு. "கருப்பு மாட்டுதுங்க" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான், "எதுக்கும்மா, உங்களுக்கே காணாதே" என்றேன். "பேசுனது பேசுனதுதானங்க" என்று ஊற்றிவிட்டுப் போனாள். தினமும் வந்தாள். இரண்டு மைல் நடந்து வந்து, அரைப்படி ஊற்றிவிட்டு, இரண்டு மைல் நடந்து போனாள். முன்பெல்லாம் பத்து நிமிஷமாவது ஊர்க்கதை பேசுவாள். இப்போது ஒரு நிமிஷம், பாத்திரத்தை நீட்டும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள், எதற்கோ காத்திருப்பதுபோல. நான் பாத்திரத்தைப் பார்ப்பேன். பிறகு போய்விடுவாள்.

கொலு வந்தது, போனது. என் மான்களையும் பசுக்களையும் எல்லாரும் கொண்டாடினார்கள். எல்லாம் தூள் சாயம். ஐப்பசி மழையில் அவருக்கு இருமல் குறைந்தது. மாதம் ஒரு தடவை, சோற்றில் கை வைத்தபடி, "சொல்லிட்டியா?" என்று கேட்பார். நான் குழம்பை ஊற்றுவேன். அவரும் பாலைக் குடித்துவிடுவார். குடிக்காமல் என்ன செய்வார், பிழைக்க வேண்டுமே.

தை பிறந்து அவருக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் ஏறிப் போனார். அன்று பால் வந்தது. "ஐயா டூட்டிக்குப் பூட்டாரா?" என்று கேட்டாள். "போயிட்டார்" என்றேன். மறுநாள் முதல் அவள் வரவில்லை.

நான்காம் நாள் ஒரு புதுச் சேலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். நடக்க நடக்க மனசு பேச ஆரம்பித்தது. மாடு செத்து நாலு மாதம் ஆகிவிட்டது, அவளே ஆறியிருப்பாள், இப்போது போய்ப் புண்ணைக் கிளறுவதா? சேலையைக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தால் போதாதா? அவள் வீட்டுக்கு எதிரில் போய் நின்றபோது சொல்லும் எண்ணமே என்னிடம் இல்லை.

கூரை வீடு. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. பால்காரம்மா மரியாதையாகப் பாயை விரித்தாள், மோர் கொடுத்தாள். "ஐயா நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நான் அவரைப் பற்றி, மழையைப் பற்றி, பண்ருட்டிச் சந்தையில் முந்திரி விலையைப் பற்றியெல்லாம் பேசினேன். சேலையை நீட்டினேன். அவள் தொடவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன்.

கருப்பு மாடு கட்டியிருந்தது. அதன் தலைக்கு மேலே, கூரை விட்டத்தில், என் கன்று தொங்கியது. நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, சாக்கில் சுற்றி, மாடு எவ்வளவு எக்கினாலும் நாக்கு எட்டாத உயரத்தில் ஏற்றிக் கட்டியிருந்தாள். சாக்குக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. நெற்றி வெள்ளையாகி, மூக்கு இருக்கும் இடத்தில் கம்பி தெரிந்தது. கோலிக்குண்டுக் கண்கள் மட்டும் அப்படியே இருந்தன.

அவ்வளவு உயரத்தில் எதற்குக் கட்டியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. என் பார்வை போன இடத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"மாட்டு டாக்டரு அன்னிக்கே சொல்லிட்டாருங்க" என்றாள். "எதுனா பெயிண்ட்ட நக்குச்சான்னு கேட்டாரு. நான்தான் கன்னக் காட்டுனேன். கொளுத்தலாம்னு பாத்தேன். பொக வேற எதுனா பண்ணுமோன்னு மேல கட்டிட்டேன்."

"எனக்கு அப்போ..." என்று ஆரம்பித்தேன். தெரியாது என்று முடிக்கப் போனேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் முடிக்கப் போனேன்.

"வாழ மரத்தாண்ட பாலு ஊத்தி இருந்திச்சிங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "காலைல தூக்கு எடுக்க வந்தப்ப பாத்தேன், மண்ணெல்லாம் வெள்ளையா, ஈ மொச்சிகினு. கெட்டுப்போன பாலா இருந்தா எங்கிட்ட சொல்லி இருப்பீங்க. எதுக்கு ஊத்துனாங்கன்னு அப்ப புரியல. டாக்டரு சொன்னப்பதான் புரிஞ்சிது."

நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது செவல மாட்டுப் பாலு இல்லங்க. அதுக்கு ஒடம்பு சரியில்லாத அன்னிலேர்ந்து சீக்காளிக்குக் குடுக்கக் கூடாதுன்னு கருப்பு மாட்டுதுதான் எடுத்தாந்தேன். நல்ல பாலு." நான் குடித்து வைத்த மோர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். "என் மாடு பொழச்சிருக்குமோ பொழச்சிருக்காதோ, அது எனக்குத் தெரியாது. நீங்களா ஒருநாளு சொல்லுவீங்கன்னுதான் தெனம் வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னிக்கி இங்க வந்தும் நீங்க சொல்லல பாருங்க."

அவள் எழுந்து கருப்பு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாள். நான் சேலையைப் பாயின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் நடப்பதற்குள் அவள் பின்னாலேயே வந்து, சேலையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். பழத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பழத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக இருக்கும்.

அவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் கரித்தூள். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொடியில் கிடந்த புதுச் சேலையைப் பார்த்தார்.

"போயிட்டு வந்தியா? சொல்லிட்டியா?" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் வெகுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.